எட்டுச் செலவுக்கு ஒரு சுருட்டு

அத்தான் இறந்து ஆறாம் நாள் காலை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு வா, மனைவியைக் கூட்டிவராதே, அதுவரைக்கும் வெற்றிலை போடாதே, சுருட்டுப் பற்றவைக்காதே, வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வா என்றாள். ஏன் என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டாள்.

எனக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் பிடிப்பதில்லை. சாவுத் துடக்கு வீட்டில் வாய் சுத்தமாக இருந்து என்ன ஆகப்போகிறது? ஏதோ சத்தியம் வாங்கப் போகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, யாரோ என்னைப் பற்றி ஏதோ கோள் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் யாராக இருக்கும் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போனேன்.

சந்தேகப்படுவது என் தொழில். வலிகாமத்துச் சுருட்டுக் கொட்டில்களில் சரக்கு வாங்கித் தெற்கே உள்ள கடைகளுக்கு அனுப்புகிறவன் நான். வெளியே பட்டுப்போல ஒரு இலையைச் சுற்றி, உள்ளே காம்பும் தூளும் அடைத்துத் தருகிறவர்களோடு முப்பது வருசம் காலந்தள்ளியிருக்கிறேன். ஒரு சுருட்டுக் கட்டின் மேல் வரிசை நல்லதாக இருந்தால் நான் நடுவில் கையை விடுவேன். நடுவிலும் நல்லதாக இருந்தால் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பேன். பிரித்தும் நல்லதாக இருந்தால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது. வீட்டில் மீன் வாங்கினாலும் இதே கதைதான். மனைவி என்னைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திப் பல காலம்.

அத்தான் இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. புகையும் குடியும் ஊரை அழிக்கிறது என்று மேடை மேடையாகப் பேசியவர். அந்தப் பேச்சை நான் முன்வரிசையில் இருந்து நாலைந்து தரம் கேட்டிருக்கிறேன். பேசும்போது ஒருதரமாவது என் பக்கம் பார்ப்பார். அவருடைய வீட்டுக்கு நான் போனால், படலையைத் திறந்ததும் முதலில் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விறாந்தை. முப்பது வருசமும் இதுதான் ஒழுங்கு. நான் ஒருநாளும் எதிர்த்துக் கதைக்கவில்லை, ஆனால் ஒருநாளும் மறக்கவுமில்லை.

அன்றைக்கும் பழக்கதோசத்தில் கிணற்றடிக்குப் போய் வாயைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன். அக்கா என்னைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவளுடைய மகன், சுவிஸிலிருந்து செத்தவீட்டுக்கு வந்திருந்த என் மருமகன், கட்டிலில் இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தான்.

மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அத்தானுடைய அலுமாரியில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் இருந்ததாம். அடையாள அட்டை தேடப்போய் எடுத்ததாக அக்கா சொன்னாள். மூடியைத் திறந்தேன். பொன்னிற வளையம் போட்ட ஒன்பது பெரிய சுருட்டுகள். அவற்றோடு பாதியில் அணைத்த துண்டு ஒன்று. ஒரு பாக்குவெட்டி. ஈரப்பஞ்சு வைத்த சவர்க்காரப் பெட்டி. சுருட்டு காய்ந்து போகாமல் இருப்பதற்கு. பெட்டிக்குப் பக்கத்தில் வெளிநாட்டு விஸ்கிப் போத்தல், இரண்டு விரலளவு குறைந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. கிணற்றடித் தண்ணீர் இன்னும் என் தாடையில் காயவில்லை.

"நாளைக்கில்லை, நாளையிண்டைக்கு எட்டுச் செலவு," என்றாள் அக்கா. "அந்த மனுசன் உந்தச் சுருட்டோடை என்னத்தைக் குடிச்சவர் எண்டு நீதான் சொல்லவேணும். அதைத்தான் நான் படைப்பன்."

எங்களுடைய பக்கத்தில் செத்தவருக்கு எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். அவர் வந்து ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. கள்ளுக் குடித்தவருக்குக் கள்ளு, ஆட்டிறைச்சி தின்றவருக்கு ஆட்டிறைச்சி. எதையாவது விட்டுவிட்டால் அந்த ஆசையோடேயே வாசலில் நிற்பார் என்பார்கள். அக்கா இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள். பிழையாகப் படைத்துவிடுவேனோ என்ற பயம் அவளுடைய முகத்தில் அப்படியே தெரிந்தது.

படையலுக்கு வைக்கப்போகும் சாமானை முன்கூட்டி ருசி பார்க்கலாமா என்று கேட்டேன். சமைக்கிற பெண்கள் அன்றைக்கு உப்புக்கூடப் பார்ப்பதில்லையே. ஒரு சுருட்டைக் குடித்தால் மற்றச் சுருட்டு எச்சிலாகாது என்று அக்கா சொன்னாள். யோசித்து வைத்திருந்த பதில் அது.

எனக்குச் சந்தேகம் வலுத்தது. கல்யாணம் கட்டி நாற்பது வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? புருசன் களவாகக் குடித்தாரா இல்லையா என்று என்னை வைத்து விசாரிக்கப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மருமகனுடைய முழியும் சரியில்லை. ஒருவேளை இது முழுக்க அவனுடைய சாமானாக இருக்கலாம். தாயிடம் பிடிபட்டதும் செத்த மனுசனுடைய தலையில் போட்டுவிட்டானோ?

பின்வளவில், கிணற்றுக்கு அப்பால், வாழைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. அத்தான் பின்னேரங்களில் தேவாரப் புத்தகத்தோடு போய் இருக்கும் இடம். அங்கேதான் என்னை இருத்தினார்கள். மருமகன் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் போட்டான். அக்கா சமையல் குசினி வாசலில் நின்றாள்.

முதலில் வளையத்தைச் சந்தேகித்தேன். இப்போதெல்லாம் வளையம் அடிப்பது பெரிய வேலையில்லை; காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிற சாமான்களில் எது அசல், எது போலி என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒன்றை எடுத்து நுனியிலிருந்து அடிவரை விரலால் அமத்திக்கொண்டு போனேன். எங்கேயும் பள்ளம் இல்லை, கட்டி இல்லை. ஒரே பதம். மூக்கில் வைத்தேன். மரப்பெட்டி மணம், கொஞ்சம் கொக்கோ, அதற்கடியில் மழை பெய்த மாட்டுக்கொட்டில். நம்பவில்லை. கத்தி வாங்கி ஒன்றை நெடுக்காகக் கிழித்தேன். மருமகன் நெஞ்சில் அடித்தமாதிரி ஒரு சத்தம் போட்டான். உள்ளே முழுநீள இலைகள், மடித்து மடித்து அடுக்கியபடி. ஒரு காம்பு இல்லை, ஒரு தூள் இல்லை. கியூபாச் சரக்குத்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றின் தலையைப் பாக்குவெட்டியால் சீவி, நெருப்புக்குச்சியால் பற்றவைத்தேன். எங்களுடைய இலை புகையில் காய்ந்தது. முதல் இழுவையிலேயே தொண்டையில் ஒரு உதை விடும். இது வாய்க்குள் வந்து மெதுவாக உட்கார்ந்தது. முதல் கொஞ்ச நேரம் வறுத்த கச்சான் கடலை ருசி. பிறகு நாக்கின் ஓரங்களில் மிளகு. சாம்பல் வெள்ளையாக, உதிராமல், ஒரு விரற்கடை நீளத்துக்கு நின்றது. புகையை மூக்கால் விட்டுப் பார்த்தேன், அங்கேயும் பிழை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மூன்றில் ஒரு பங்கு போனபிறகு கோப்பி வந்தது, பால் விடாத, கசப்பான, நல்ல கோப்பி. முப்பது வருசம் இந்தத் தொழிலில் இருந்தும் இப்படி ஒன்றை நான் வாயில் வைத்ததில்லை. அதையும் கிணற்றடிக்கு அனுப்பிய மனுசன் வீட்டில்தான் வைக்கவேண்டி வந்தது.

போகிற வழியில் யோசித்து நான் வாங்கிவந்ததும் ஒன்று உண்டு: ஒரு கால்போத்தல் பனஞ்சாராயம். துடக்கு வீட்டில் எதற்கும் உதவும் என்று இடுப்பில் செருகியிருந்தேன். முதலில் அதோடு பார்த்தேன். சரிவரவில்லை. சாராயம் முன்னுக்கு வந்து நின்று சுருட்டை மறைத்தது. வாய் கொப்பளித்துவிட்டு விஸ்கியை ஒரு மிடறு எடுத்தேன். எடுத்ததும் பொருந்திவிட்டது. விஸ்கியிலிருந்த தேன் ருசி மிளகை வாங்கிக்கொண்டது, புகையிலிருந்த கோப்பி விஸ்கியின் சூட்டை அடக்கியது. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்போல இருந்தன.

குசினி வாசலைப் பார்த்து, விஸ்கிதான், சந்தேகமே இல்லை என்று சொன்னேன். இந்தச் சுருட்டுக்கு இதைவிட்டால் வேறொன்றும் இல்லை, இவ்வளவு பக்குவமாகப் பெட்டிக்குள் ஈரம் வைத்துக் காப்பாற்றத் தெரிந்த மனுசனுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். கொஞ்சம் கொடூரமாகத்தான் சொன்னேன். மேடைப் பேச்செல்லாம் மனதில் இருந்தது.

அக்காவின் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. திரும்பி உள்ளே போனாள்.

அவள் போன பிறகு நான் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருபத்தைந்து சுருட்டு அடுக்குகிற பெட்டியில் பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. பதினைந்து சுருட்டுக் குடித்தவர் விஸ்கியில் இரண்டு விரல்தான் குடித்திருக்கிறார். பொருத்தம் தெரிந்த மனுசன் போத்தலை எப்போதோ காலியாக்கியிருப்பானே! கணக்கு இடித்தது. மருமகனைப் பார்த்தேன். அவன் வாழையைப் பார்த்தான்.

இந்தப் போத்தலை யார் திறந்தது என்று கேட்டேன். முதலில் தெரியாது என்றான். நான் அவனுடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொட்டில்காரர் எத்தனை பேரை இப்படி இருத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"நான்தான், மாமா," என்றான் கடைசியில். "கொள்ளிவைச்சிட்டு வந்த அண்டைக்கு. அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நாலு வருசத்துக்கு முதல் அத்தான் சுவிஸுக்குப் போயிருந்தபோது ஒரு கடைக் கண்ணாடியில் இந்தப் பெட்டியைக் கண்டு அரைமணித்தியாலம் நின்றாராம். அதற்குப் பிறகு ஊருக்கு வருகிறவர்களிடம் வருசத்துக்கு ஒரு பெட்டி அவன் அனுப்பிக்கொண்டிருந்தான். விஸ்கி போன வருசம் அவன் தன் பாட்டில் அனுப்பியது. தகப்பன் அதைத் திறக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. மற்ற நாட்களிலும் அதற்கு முந்திய காலத்திலும் என்ன குடித்தார் என்று கேட்டேன். எங்களுடைய ஊர்ச் சுருட்டுத்தான் என்றான். யாரிடம் வாங்கினார் என்று எனக்கு உடனே கேட்கவேண்டும்போல இருந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது கையில் ஒரு கோப்பையும் சின்னத் தட்டும் இருந்தன. பால் விடாத தேத்தண்ணீர், சாயம் கூடிக் கறுத்துப்போய். தட்டில் இரண்டு துண்டு பனங்கட்டி. உதோடையும் ஒருக்கால் பார் என்று என் முன்னால் நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துச் சுருட்டை இழுத்தேன். அப்போது சுருட்டு கடைசிப் பங்கில் இருந்தது. எந்தச் சுருட்டும் கடுக்கத் தொடங்கும் இடம். கடுக்கவில்லை. தேத்தண்ணீரின் துவர்ப்பு வாயைக் கழுவி வைத்தது, பனங்கட்டியின் இனிப்பு பின்னால் வந்து புகையோடு நின்றது. விஸ்கியோடு குடித்தபோது இரண்டு மிடறுக்குப் பிறகு எனக்கு அடுத்த மிடறுதான் நினைவில் நின்றது. இதோடு சுருட்டு மட்டும்தான் நின்றது. இப்படியென்றால் ஒருவர் தினமும் குடிக்கலாம், பதினைந்தும் குடிக்கலாம், தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே குடிக்கலாம்.

எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு இதைத்தான் நீ கொடுத்தாயா என்று கேட்டேன்.

கல்யாணம் கட்டின வருசத்திலிருந்து, நாள் தவறாமல் நாலு மணிக்கு, என்றாள். கோப்பையை வாங்கிக்கொண்டு இங்கே வந்து இருப்பார். சட்டையைத் தோய்க்கும்போது அவளுக்கு மணக்கும். அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. சுருட்டுக்குத் தோதாக இருக்கட்டும் என்று அவளாகவே சாயத்தைக் கூட்டினாள், சீனியை நிறுத்திப் பனங்கட்டி வைத்தாள். பிறகு அலுமாரிக்குள் திறந்த போத்தலைக் கண்டாள். தன் தேத்தண்ணீரை அந்த மனுசன் வாழைக்கு ஊற்றிவிட்டு விஸ்கி குடித்தாரோ என்று அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

மருமகன் அழத் தொடங்கினான். போத்தலைத் தான் திறந்ததை அவனே தாயிடம் சொன்னான். அக்கா அவனுடைய தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து தானும் அழுதாள். தேத்தண்ணீர்தான், பிழையில்லை, நானே சொல்கிறேன் என்று நான் மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இராது. பாதியில் அணைத்த துண்டைக் காட்டி, இவ்வளவு அருமையான சாமானை ஏன் இப்படி அவசரமாக நசித்து அணைத்தார் என்று கேட்டேன். நெருப்பை மண்ணில் குத்தியிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அது கடைசியாய்க் குடிச்சது," என்றாள் அக்கா. "உன்ரை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அணைச்சவர். அடுத்த நாள் விடியத்தானே போனவர்."

அன்றைக்கு நான் வந்தது எனக்கு நினைவிருந்தது. பின்வளவிலிருந்து வந்த அத்தானுடைய மீசை ஈரமாக இருந்ததும் நினைவிருந்தது. முகம் கழுவினார் என்று நினைத்தேன். எனக்கு முதல் அவரும் கிணற்றடிக்குப் போயிருக்கிறார்.

ஊரில் எனக்குத் தெரியாத சுருட்டு இல்லை. என்னை ஒருநாள் கூப்பிட்டிருக்கலாமே, நான் யாரிடம் சொல்லியிருக்கப் போகிறேன் என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. இது எனக்கே எதிர்பாராதது.

அக்கா வெறும் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தாள். சொல்லாமல் விடலாமோ என்று யோசித்திருப்பாள்.

"நானும் சொன்னனான், அவனைக் கூப்பிடுங்கோவன் எண்டு. அப்பதான் உந்தக் கதைக்கு அவர் ஒருக்கால் வாய் திறந்தவர். 'அவன் பிரிச்சுப் பாப்பான், இருந்து குடிக்கமாட்டான்' எண்டார்."

முன்னாலிருந்த கதிரையில் நான் கிழித்துப்போட்ட சுருட்டு விரிந்து கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

எட்டுச் செலவன்று பொழுதுபடும் நேரத்தில் படைத்தார்கள். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, மோதகம். நடுவில் கறுத்த தேத்தண்ணீரும் பனங்கட்டியும். பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டில் பொன் வளையம் போட்ட சுருட்டு. சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அத்தானின் தங்கை என் பக்கம் திரும்பி, இது உன்னுடைய வேலைதானே என்று பல்லைக் கடித்தாள். ஓம் என்றேன். மற்றவர்கள் முன்னால் அவருக்கு அந்த மானமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

பற்றவைப்பதில்தான் சிக்கல் வந்தது. வாயில் வைத்து இழுத்தால் எச்சில். குத்துவிளக்குச் சுடரில் காட்டிச் சுருட்டைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். அடி முழுக்கச் சிவக்கப் பத்து நிமிசம் ஆயிற்று. வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வரத் திரும்பினோம். எனக்குக் கால் எழவில்லை. இழுக்க ஆள் இல்லாத சுருட்டு அஞ்சு நிமிசத்தில் அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இந்த முறையும் பாதியிலா என்று நினைத்தேன்.

அது அணைந்துவிடும் என்று அக்காவின் காதில் சொன்னேன். படையலுக்குக் கதவு சாத்தினால் உள்ளே ஒருவரும் நிற்கக்கூடாது. அவள் அதில் மிகவும் கண்டிப்பானவள். என்னை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ உள்ளுக்கு இரு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தேன். நெருப்பு மங்கும்போது மெல்ல விசிறினேன், சிவந்ததும் நிறுத்தினேன். வெளியே பசித்தவர்கள் முணுமுணுத்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள், அக்கா அவர்களை அதட்டுவது கேட்டது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட நானும் அத்தானும் அப்படியே இருந்தோம். சாம்பலின் நிறத்தைப் பார்க்கவேண்டும் என்றோ, புகையில் கோப்பி வந்துவிட்டதா என்றோ எனக்குத் தோன்றவில்லை. அவருடைய படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நெருப்பு வளையத்தைத் தொட்டு, கடதாசி கருகி, தானாகவே அணைந்தது.

கதவைத் திறந்தேன். அக்கா நேரே பீங்கானுக்குப் போனாள். முழுக்க எரிந்திருப்பதைக் குனிந்து பார்த்தாள். பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"தம்பி, கொஞ்சம் குறைஞ்சிருக்கு, என்ன?"

நான் கோப்பைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஓம் அக்கா, குறைஞ்சுதான் இருக்கு என்றேன்.